அப்பா உனக்குப் பூ வைக்கிறார்

அன்புள்ள மகன் கிருபாவுக்கு, புத்தூரிலிருந்து அம்மா எழுதுவது.

முதலில் நல்ல புதினங்களை எழுதிவிடுகிறேன். உன் மூத்தவள் அபிராமி மருத்துவப் படிப்புக்கு எடுபட்டதைக் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. பிள்ளையார் கோயிலில் அவள் பெயருக்கு அருச்சனை செய்தேன். காரணம் கேட்காத ஐயருக்கும் காரணத்தைச் சொன்னேன். சின்னவன் ஆதவன் நீச்சலில் மெடல் வாங்கிய படத்தை மீன் விற்க வருகிற மனிசிக்குக் காட்டினேன். தண்ணியோடு கிடக்கிற பிள்ளைக்கு நல்லாய் மீன் கொடுக்கச் சொன்னாள். லண்டனில் இருக்கிற உன் தங்கை வனிதாவின் மகள் துளசியின் அரங்கேற்றத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரரே எழும்பி நின்று கைதட்டினார்களாம். அவள் அண்ணன் தாரகன் படித்து முடித்த கையோடு விமானத்துக்கு இயந்திரம் செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இப்போது லண்டனிலிருந்து ஒரு விமானம் இந்தப் பக்கம் பறந்தாலும் அதில் எங்கள் வீட்டுப் பிள்ளையின் கை இருக்கும் என்றுதான் பார்க்கிறேன். புகையிலை காயவிட ஆள் காணாதென்று ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். என் பேரப்பிள்ளைகள் நால்வரும் இப்படி வந்ததைச் சொல்லாமல் எப்படி இருப்பது? பக்கத்து வீட்டு மலருக்குத்தான் என் வாயால் கரைச்சல். போன கிழமை சொல்கிறாள்: "மாமி, உங்கடை பேரப்பிள்ளையளின்ரை புதினம் கேட்டுக் கேட்டு, என்ரை பெடியனைக் கூப்பிடவும் ஆதவன் எண்டுதான் வாயிலை வருது. அவன் என்னை முறைக்கிறான்."

நல்ல புதினம் இவ்வளவும்தான். மற்றதைப் போனில் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். உன் முகத்தைக் கண்டவுடன் என் வாய் தன்பாட்டில் "நல்ல சுகம் ராசா" என்று சொல்லிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது உன் முகம் தெரியாது. இதை வாசித்தபின் வனிதாவுக்கும் போனில் வாசித்துக் காட்டு. அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்களில் தாய் தகப்பனை இங்கே விட்டுவிட்டு இருக்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்க முதல் இந்த வீட்டில் நடப்பதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மலர் வருவாள். அப்பாவுக்கு முகம் துடைத்து, தலை வாரி இழுத்து, நீ கொண்டுவந்த புதுச் சேட்டு ஒன்றைப் போட்டு, முன் அறையில் பூச்சடித்த சுவருக்கு முன்னால் கதிரையில் இருத்துவோம். மற்றச் சுவர்களில் மழை ஒழுகிய கறை இருப்பதால் அந்தப் பக்கம் போனைத் திருப்புவதில்லை. நீ "அப்பா, எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்பாய். அவர் "நல்ல சுகம். நீங்கள் எப்பிடி? வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்பார். ஒருநாள் நீ சிரித்து, "என்னம்மா, அப்பா எனக்கு இப்ப மரியாதை எல்லாம் தாறார்" என்றாய். நானும் சிரித்தேன். மலர் போனைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தாள். பிறகொரு நாள் நீயே கேட்டாய்: "அப்பாவுக்கு என்னோடை ஏதும் கோவமோ? ரெண்டு சொல்லோடை எழும்பிப் போறார்." காது கேட்பதில்லை என்று சொன்னேன். பொய். முற்றத்தில் புலுனிக் குருவி கத்தினால் அவருக்கு இன்றைக்கும் கேட்கும். அவர் உன்னோடு கோபமும் இல்லை. நீ யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஞாபகம் தேய்கிற வருத்தம், மறதி நோய் என்றார்கள். புதிதாய்ச் சேர்ந்தது முதலில் போகும், பழையது கடைசிவரை கிடக்கும் என்று அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளை விளங்கப்படுத்தினாள். நீ கடைசியாக வந்து நின்றபோது இருவரும் தோட்டத்து வரம்பில் நடந்து போனீர்களே, அது அவரிடம் இல்லை. நீ முதல்முதலாய்ச் சைக்கிள் ஓடி அச்சுவேலிச் சந்தியில் விழுந்து வாய்க்குக் கீழே நாடி கிழிந்தது இருக்கிறது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது இருக்கிறது. போன கிழமைகூட, "பெடியன்ரை நாடியிலை தையல் பிரிச்சாச்சோ?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். "தழும்பு இருக்குமோ?" என்றார். இருக்கும் என்றேன். நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தார்.

இதுவரைக்கும் வயது போன எத்தனையோ பேருக்கு வருகிற வருத்தம்தான். இனி எழுதப்போவதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி.

நீ கனடாவுக்கு வெளிக்கிட முந்திய கிழமை அச்சுவேலி ஸ்ரூடியோவில் எடுத்த படம் உனக்கு நினைவிருக்கும். நீலச் சேட்டு, அப்போதுதான் அரும்பிய மீசை, சிரிப்பே இல்லாத முகம். வீட்டில் ஒரு படம் இருக்கவேண்டும் என்று அப்பாதான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஊர் முழுக்கச் சண்டையில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, உடுபுடவையை விட்டுவிட்டு இந்தப் படத்தையும் அப்பப்பாவின் படத்தையும் சித்தப்பா அப்பாச்சியோடு நிற்கிற படத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடந்தார். திரும்பி வந்து பார்த்தால் கூரையில் பாதி இல்லை. சாந்து உதிராமல் ஆணி பிடிக்கிற சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சித்தப்பாவும், போன இடத்திலேயே அப்பாச்சியும் போய்விட்டதால், அவவையும் சித்தப்பாவையும் தனித்தனிப் படமாக்கி, அப்பப்பா, அப்பாச்சி, சித்தப்பா, அதற்கடுத்து நீ என்று வரிசையாக மாட்டினார். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்த ஆட்களோடு மாட்டுவது வழக்கமில்லை என்று சொன்னேன். "இஞ்சாரும், அவன் அங்கை தனிய நிக்கிறது காணாதோ? இஞ்சையாவது அப்பாச்சியோடை நிக்கட்டும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு வீடு திருத்தினோம், எல்லாச் சுவரும் ஆணி பிடித்தது. வனிதாவின் கலியாணப் படத்தை ரீவிக்கு மேலே மாட்டினோம். உன்னுடையதை எடுத்து மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் கலியாண அல்பம் வந்தபோது ஒரு படத்துக்குக் கண்ணாடி போடவேண்டும் என்றோம். அது அலுமாரிக்குள் போனது, அங்கேயே கிடக்கிறது. பிறகு எல்லாப் படமும் போனில்தான் வந்தது.

காலையில் அப்பா குளித்து, முற்றத்தில் நந்தியாவட்டையும் செவ்வரத்தம்பூவும் பிடுங்கி, சாமிப் படங்களுக்கு வைத்து, மிஞ்சியதை அப்பப்பா, அப்பாச்சி, சித்தப்பா மூவருக்கும் வைப்பது நீ அறிந்த பழக்கம். இந்த வருடம் மாரி மழை விட்ட பிறகு ஒருநாள் பார்த்தேன். உன் படத்திலும் ஒரு நந்தியாவட்டை இருந்தது. தவறி வைத்துவிட்டார் என்று எடுத்தேன். அடுத்த நாளும் இருந்தது. எடுத்தேன். "ஏன் எடுக்கிறீர்?" என்று கேட்டார். "பிள்ளைக்கு ஏன் பூ?" என்றேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் அப்படித் தடவுகிற ஆளில்லை. ஏன் தடவினார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

உன் சித்தப்பாவின் கதை உனக்குக் கடிதத்தில்தான் தெரியும். எழுதியது அரைவாசிதான். வன்னிக்குப் போன இடத்தில் சித்தப்பா காய்ச்சலில் செத்த செய்தி அப்பாவுக்கு வந்தபோது, நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் இருந்தோம். அப்பாச்சி பாயில் படுத்த படுக்கை. அப்பா வேலிக்கு வெளியே போய் நின்று அழுது, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாச்சி ஒவ்வொரு நாளும் கேட்பா: "சின்னவன் எங்கையடா?" அப்பா ஒவ்வொரு நாளும் சொல்வார்: "பாதை திறந்தவுடனை வருவான், அம்மா." அப்பாச்சி அதை நம்பியபடியே கண்ணை மூடினா. அந்தச் சுமையை அப்பா ஒற்றை ஆளாய் வைத்திருந்தார். எனக்குச் சொன்னதே அவ போன பிறகுதான். ஒருவருக்காகப் பொய்யைத் தாங்குவதும் அன்புதான் என்று அன்றைக்கு அவரை மெச்சினேன்.

போன மாதம் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருந்து கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் கொடுக்கிற நாளை அப்பா ஒரு வருடமும் விட்டதில்லை. கிழமை எதுவென்று தெரியாதவருக்கு அந்த நாள் மட்டும் எப்படித் தெரிந்ததோ, விடியவே வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். மலரின் மனுசன் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். கேணியில் தலை முழுகவைத்து, கடற்கரைப் பக்கம் ஐயருக்கு முன்னால் இருத்தினோம். நான் பின்னால் பெண்களோடு இருந்தேன். இளம் ஐயர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பா தகப்பன் பெயரைச் சொன்னார், பாட்டன் பெயரைச் சொன்னார், ஒன்றும் தடக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "வேறை ஆரும் இருக்கினமோ?" என்று ஐயர் கேட்டார். தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு, "கிருபாகரன்" என்றார்.

"உங்களுக்கு என்ன முறை?"

"மோன். என்ரை மோன்."

நான் எழும்பிவிட்டேன். முழங்கால் நோவும் தெரியவில்லை, சனம் பார்ப்பதும் தெரியவில்லை. "ஐயா, நில்லுங்கோ! அந்தப் பேரைச் சொல்லாதேங்கோ. அவன் கனடாவிலை நல்ல சுகமாய் இருக்கிறான்!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. பிறகு ஐயர் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்: "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ ஐயா. இவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

ஐயர் தர்ப்பையோடு கையை அப்படியே நிறுத்தினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் உன் பெயரைச் சொல்லாமல் மந்திரத்தை முடித்து நீரை விடச் சொன்னார். ஆனால் நீரை விடும்போது அப்பாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழி முழுக்க ஓட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்தவரில்லை அவர். மலரின் மனுசன் கண்ணாடியில் பார்த்து, "என்ன அப்பு, புது மாப்பிள்ளை மாதிரி" என்று பகிடி விட்டான். அப்பா சிரிக்கவில்லை. வீட்டில் காகத்துக்குச் சோறு வைத்து, அன்றைக்கென்று பொரிக்கிற காத்தோட்டிக்காயைக் கசப்புப் பார்க்காமல் சாப்பிட்டார். நான் சாப்பிடாமல் இலைக்கு முன்னால் இருந்தேன். அவர் தன் இலையிலிருந்து கொஞ்சம் எடுத்து என் இலையில் வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சாப்பிடும். பாதை திறந்தவுடனை வருவான்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, மகனே. நீ செத்துவிட்டாய் என்று இந்த மனிதன் எத்தனையோ மாதமாகத் தனியே துக்கம் காக்கிறார். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று, தாய்க்குச் சொன்ன அதே பொய்யை எனக்கும் சொல்லிக்கொண்டு, காலையில் பூ வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறார். நான் அவருடைய வருத்தத்தை உனக்கு மறைத்தேன். அவர் உன் சாவை எனக்கு மறைத்தார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இப்படி இருந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு நீ எடுத்தபோது போனை அவர் முகத்துக்குக் கிட்டப் பிடித்து, "இஞ்சாருங்கோ, இது ஆர் தெரியுதோ? உங்கடை மோன்" என்றேன். உனக்குக் கேட்டிருக்கும், நீ "அப்பா" என்று கூப்பிட்டாய். அவர் உன்னை வடிவாகப் பார்த்தார். பிறகு போன் அணைந்தபின் என்னிடம் சொன்னார்: "உவர் நல்ல மனிசன். தவறாமல் எங்களை விசாரிக்கிறார். ஆரின்ரை பிள்ளையோ தெரியேல்லை. பெத்தவை குடுத்துவைச்சவை."

உன்னால் வந்த வருத்தம் என்று நான் எழுதவில்லை. நீயாகப் போகவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம். உன் வயதுப் பெடியளை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. உன்னைக் காப்பாற்றிவிட்டோம் என்று இன்றைக்கும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். ஆனால் போனதுக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலரின் மனுசனுக்கும் தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் காண்கிற அவன் தாய்க்கு அவன் எப்போது நரைத்தான் என்றே தெரியாது, ஒவ்வொரு மயிராக அவளோடுதான் நரைத்தான். உன் முகம் எங்களுக்கு அப்படி மாறவில்லை. ஒரு முகம் போனது, பல வருடம் கழித்து வேறொரு முகம் வந்தது. நல்ல ஞாபகம் இருக்கிறவரை அந்த இடைவெளியை அவர் தாண்டிக்கொண்டிருந்தார். இப்போது தாண்டக் கால் இல்லை.

நீ வரப்போவதாகச் சொன்னாய். வா. ஆனால் வாசலில் வைத்து உன்னை "வாங்கோ, இருங்கோ" என்று அவர் அந்நியரைப்போல வரவேற்பார் என்பதைத் தெரிந்துகொண்டு வா. அழுது அவரைப் பயப்படுத்தாதே. வந்து அவரோடு இருந்து சாப்பிடு, தலை முழுக வார்த்துவிடு. ஆரோ ஒரு நல்ல மனிதன் வந்து செய்தான் என்று நினைத்தாலும் அந்தக் கை உன்னுடையதாக இருக்கட்டும். ஆட்களை வைத்துப் பார்க்கலாம், எங்கள் இரண்டு பேரையும் முதியோர் இல்லத்தில் விடலாம் என்று வனிதா சொல்வாள், எனக்குத் தெரியும். இந்த முற்றத்துப் பூமரத்தைத் தவிர அவருக்கு வழி தெரிந்த இடம் வேறில்லை. நான் இருக்கும்வரை பார்ப்பேன். ஆனால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. நான் முந்திப்போனால் எனக்கு என்ன செய்வீர்கள் என்று நான் யோசிப்பதில்லை. அவரிடம் யார் சொல்வது, சொன்னாலும் அவர் யாருக்கு அதை மறைத்துக்கொண்டு திரிவார் என்றுதான் யோசிக்கிறேன்.

உனக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அபிராமி படிக்க வேறு ஊருக்குப் போகிறாள். போகட்டும், மறிக்காதே. ஆனால் அவள் போனில் வரும்போது நல்ல சுவருக்கு முன்னால் இருந்து கதைக்காதே. முழங்கால் நொந்தால் நோகிறது என்று சொல். அவள் சோதனையில் குண்டடித்துப் பெயிலானால் அதையும் சொல்லக்கூடியதாக அவளை வைத்திரு. நீங்கள் எங்களுக்கு நல்லதை மட்டும் அனுப்பினீர்கள், நாங்கள் உங்களுக்கு நல்லதை மட்டும் காட்டினோம். நீ அனுப்புகிற படங்களில் எல்லாம் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பின்னால் பனி. உன் முகம் எப்படி எப்படி மாறிக்கொண்டு போனது என்று பெற்ற எனக்கே சரியாகத் தெரியாது.

பழைய படத்தைக் கழற்றிப் பார்த்தேன். வீடெல்லாம் தேடி, "பிள்ளையை எங்கை கொண்டுபோனீர்?" என்று அவர் கேட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்த்துத் திரும்ப மாட்டிவிட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். அந்த டொக்டர் பிள்ளை ஒன்று சொன்னாள்: வாதாடக்கூடாது, ஆனால் ஒரே முகத்தை ஒவ்வொரு நாளும் காட்டிக்கொண்டிருந்தால் சில வேளை பிடிபடலாம் என்று. ரீவிக்கு மேலே கலியாணப் படத்தில் இருக்கிற வனிதாவை, போனில் குரல் கேட்டால் சில நாட்களில் அவருக்குத் தெரிகிறது. அந்தச் சுவரில் அவர் ஒருநாளும் பூ வைத்ததில்லை. அங்கே வனிதாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன். மலரின் மனுசன்தான் அடித்தான், நான் இடம் காட்டினேன்.

அதனால் ஒரு படம் அனுப்பு. போனில் வேண்டாம், அந்த வெளிச்சம் அணைந்தால் நீயும் போய்விடுகிறாய். கடதாசியில் அடித்துத் தபாலில் போடு. மனைவி பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்து. நீலச் சேட்டு இருந்தால் போடு. நரைக்கு மை பூசாதே. நாடியில் அந்தத் தழும்பு தெரிகிற மாதிரி நிமிர்ந்து நில். அவர் இன்றைக்கும் எழுத்துக் கூட்டி வாசிப்பார். அதனால் படத்தின் கீழே உன் கையெழுத்தில், பெரிதாக, "அப்பா, நான் கிருபா" என்று எழுதிவிடு. அவருக்குப் பிடிபடுமோ படாதோ, நான் காலையிலும் மாலையிலும் காட்டுவேன். அடுத்த ஆடி அமாவாசைக்கு எங்களில் யார் இருப்போம் என்று தெரியாது. இருந்தால் அவர் கீரிமலைக்குப் போவார், ஐயர் பெயர் கேட்பார். உயிரோடிருக்கிற பிள்ளையின் பெயர் இன்னொரு தரம் அந்தத் தண்ணீரில் விழக்கூடாது.

கெதியாய் அனுப்பு, ராசா. தொப்பி போடாமல் நில். முகம் தெரியவேண்டும்.

அம்மா